கேபினெட் வெட்ட ரோட்டரி டூல்: 3000ஆ, 4000ஆ, பெயர் தெரியாத செட்டா?

கேள்வி, ஜூன் 4, மாலை

"வீட்டில் பழைய மிட் டவர் கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்று இருக்கிறது. தகடு நல்ல கனம், தூக்கிப் போட மனசு வரவில்லை. மேல்பக்கம் 240 ரேடியேட்டர் (இரண்டு 120 மி.மீ. ஃபேன் வரிசையாக உட்காரும் தண்ணீர்க் குளிர்விப்பான்) மாட்ட வேண்டும். பின்பக்க ஃபேனுக்கு எதிரே இருக்கும் தேன்கூட்டுத் தகட்டை எடுக்க வேண்டும். முடிந்தால் பக்கவாட்டில் ஒரு ஜன்னல். டிரெமெல் கம்பெனியின் கையடக்க ரோட்டரி டூல் (சின்ன டிஸ்க், கல் மாட்டி வேகமாகச் சுற்றும் மிஷின்) 3000, 4000, அப்புறம் 180 வாட் என்று போட்டு நூறு சாமான்களோடு வரும் பெயர் தெரியாத செட், இந்த மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 'வாட் அதிகமா இருக்கறத எடுங்க, மத்ததெல்லாம் ஒண்ணுதான்' என்கிறார். சரியா?"

ஜூன் 4, இரவு

வாட்டை முதலில் ஓரமாக வையுங்கள். தகட்டை அறுப்பது டிஸ்க்கின் விளிம்பு. அந்த விளிம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் முதல் கணக்கு. டிரெமெலுக்கு வரும் சின்ன பழுப்பு டிஸ்க் 24 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 30,000 சுற்றில் அதன் விளிம்பு விநாடிக்கு 38 மீட்டர் ஓடும். அதே மிஷினில் 38 மி.மீ. டிஸ்க் போட்டால் 60 மீட்டர். கிரில் கேட் பட்டறையில் இருக்கிற நாலு இன்ச் ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்றில் தருவதே 58 மீட்டர்தான். அதாவது கைக்குள் அடங்குகிற மிஷின், பெரிய டிஸ்க் போட்டால், விளிம்பு வேகத்தில் கிரைண்டரைப் பிடித்துவிடுகிறது. ஆனால் அந்த 38 மி.மீ. டிஸ்க் தேய்ந்து பழைய எட்டணா காசு அளவுக்கு வந்துவிட்டால் வேகம் 35க்கு இறங்கிவிடும். "புதுசில் நல்லா வெட்டுச்சு, இப்போ மோட்டார் போயிடுச்சு" என்பவர்களில் பாதிப் பேருக்கு மோட்டாரில் ஒன்றும் ஆகியிருக்காது, டிஸ்க் சின்னதாகியிருக்கும், அவ்வளவுதான்.

வாட் எப்போது வேலை செய்கிறது என்றால் நீங்கள் அழுத்தும்போது. 3000 என்பது 130 வாட், 4000 என்பது 175. கிரைண்டர் 700 பக்கம். அழுத்தினால் சின்ன மிஷின் முனகி நின்றுவிடும், கிரைண்டர் கவலையே படாது. பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டும் மிஷின் இழுக்கிற மின்சாரத்தின் கணக்குதான், முனையில் கிடைப்பது இல்லை.

ஜூன் 5

"அப்படியானால் 3000 போதுமா?" என்று ஒரே வரியில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. என்ன தகடு? முதலில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு, கேபினெட் கம்பெனிகள் எஸ்இசிசி என்று எழுதுவது. மலிவு கேபினெட்டில் அரை மி.மீ. இருந்தால் பெரிது, பழைய கனமான டவர்களில் 0.8, 1 மி.மீ. வரை இருக்கும். உங்களுடையது கனம் என்கிறீர்கள், வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு ஓட்டையின் விளிம்பில் ஸ்கேலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒட்டாவிட்டால் அலுமினியம். லியான் லி கம்பெனியின் பழைய கேபினெட்டுகள் அப்படித்தான். அதற்கு இந்தத் தேய்ப்பு டிஸ்க் எதுவும் ஆகாது. அலுமினியம் உருகி டிஸ்க்கின் துளைகளில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் டிஸ்க் வெட்டாது, சூடாக்க மட்டும் செய்யும். அங்கே ஜிக்சா, நுண்ணிய பல் பிளேடு, சொட்டு மண்ணெண்ணெய். ரோட்டரி டூல் ஓரம் சரிசெய்ய மட்டும்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

இடையில் ஒருவர் கேட்டதற்கு: புதுக் கேபினெட்டில் பக்கவாட்டில் இருக்கும் டெம்பர்டு கண்ணாடியில் ஃபேன் ஓட்டை போட முடியாது. டைமண்ட் பிட் இருந்தாலும் முடியாது. பிட் தொட்ட கொஞ்ச நேரத்தில் மொத்தக் கண்ணாடியும் உப்புக்கல்லாகத் தரையில் கிடக்கும். டெம்பர் செய்த பிறகு வெட்டக் கூடாது என்பது அந்தக் கண்ணாடியின் பிறவிக் குணம்.

ஜூன் 7

டிஸ்க் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், யாரும் பேசுவதில்லை. மிஷினுக்கு மூன்று நாள் யோசிக்கிறார்கள், டிஸ்க்கைக் கடைக்காரர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

டிரெமெலில் 409 என்று ஒன்று, 0.6 மி.மீ. தடிமன். 420 என்று இன்னொன்று, 1 மி.மீ. இரண்டும் 24 மி.மீ. விட்டம், இரண்டுக்குள்ளும் ஃபைபர் வலை கிடையாது. கொஞ்சம் சாய்ந்தால், வெட்டுக்குள் மாட்டிக்கொண்டால், பட்டென்று உடைந்து பறக்கும். எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள், பக்கவாட்டில் திறந்திருக்கும் கண்ணாடி இதற்குக் கணக்கில்லை. இந்த டிஸ்க்குகளை மாட்டும் தண்டான 402 மேண்ட்ரலின் தலையில் குட்டி ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது. அதை இறுக்கி முறுக்கினால் டிஸ்க் அங்கேயே மயிரிழை விரிசல் விடும், ஓட்டும்போதுதான் தெரியவரும். விரல் இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று போதும்.

கேபினெட்டுக்கு ஏற்றது எஸ்சி456. 38 மி.மீ., உள்ளே ஃபைபர் வலை, இழுத்துத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் ஸ்பீட்கிளிக் மேண்ட்ரல். விலை உறைக்கும்தான். ஆனால் மெல்லிய டிஸ்க்கை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் குட்டி ஸ்க்ரூவைத் தரையில் தேடுகிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அது வெள்ளை மொசைக் தரையில் விழுந்தால் கிடைக்கவே கிடைக்காது.

ஜூன் 8

பெயர் தெரியாத செட்டைப் பற்றி. நான் அதைத் திட்டப் போவதில்லை, என்னிடமும் ஒன்று இருக்கிறது, மரத்தில் மணல்தாள் உருளை ஓட்ட, துருவை பிரஷ் போட்டு எடுக்க நன்றாகவே உழைக்கிறது. நூறு சாமான் என்பதில் பெரும்பாலானவை பாலிஷ் ஃபெல்ட், கல், மணல்தாள் வளையம். உங்கள் வேலைக்கு அதில் ஆகப்போவது விரல் விட்டு எண்ணக்கூடியது.

சிக்கல் வேறு இடத்தில். இந்த மாதிரி மிஷின் பலவற்றில் கோலெட்டுக்குப் பதிலாக மூன்று தாடை சக் வருகிறது. கோலெட் என்பது அளவுக்கு ஏற்ற உலோகக் குழல், தண்டைச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கும், டிரெமெலில் 3.2, 2.4, 1.6, 0.8 என்று நான்கு அளவு உண்டு. சக்கின் மூன்று தாடையும் ஒரே அச்சில் உட்காராவிட்டால் மேண்ட்ரல் தள்ளாடும். டிஸ்க் தள்ளாடினால் வெட்டு அகலமாகும், டிஸ்க் பக்கவாட்டில் உரசும், உடையும்.

கடையிலேயே பார்த்துவிடலாம். வெறும் மேண்ட்ரலை மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டி, பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடியுங்கள். தண்டின் நுனி ஒல்லியாக, கூர்மையாகத் தெரிய வேண்டும். நுனி தடித்து, ஓரம் கலங்கி, இரண்டு தண்டு சேர்ந்து ஓடுவது போலத் தெரிந்தால் அந்த மிஷினைக் கீழே வைத்துவிடுங்கள். சென்னை செம்புதாஸ் தெரு மாதிரி இடத்தில் கேட்டால் பிளக்கில் போட்டுக் காட்டுவார்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் செய்து பாருங்கள்.

இன்னொன்று, எந்த மிஷினிலும்: தண்டைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பொத்தானை மிஷின் சுற்றி ஓயும் முன் அழுத்தாதீர்கள். "டக்" என்று ஒரு சத்தம் வரும், அதற்கப்புறம் அந்தப் பொத்தான் பொம்மைதான்.

ஜூன் 11

பழைய சிடியை வைத்து வட்டம் வரைந்தால் ஃபேனுக்குச் சரியாக இருக்கும், சிடியும் 120, ஃபேனும் 120 என்று சேலத்து நண்பர் எழுதியிருக்கிறார். கேட்க அழகாக இருக்கிறது. சிடி சரியாக 120 மி.மீ., மறுப்பில்லை. ஆனால் ஃபேனின் 120 என்பது சதுரச் சட்டத்தின் வெளி அளவு. 120 வட்டம் வெட்டினால் நான்கு பக்கத்தின் நடுவிலும் ஓட்டை சட்டத்தின் வெளி விளிம்பையே தொட்டு நிற்கும், கை கொஞ்சம் தவறினால் அந்த இடத்தில் சந்து, காற்று அதன் வழியாகத் திரும்பி வந்துவிடும். 114, 115 வெட்டுங்கள். சிடியை வைத்து வரைந்தே ஆக வேண்டும் என்றால் வரைந்த கோட்டுக்கு இரண்டரை மி.மீ. உள்ளே வெட்டுங்கள்.

ஸ்க்ரூ ஓட்டைகளின் நடு முதல் நடு வரை 105 மி.மீ. 140 ஃபேனுக்கு 124.5. 80க்கு 71.5. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 12

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. ஏன் வட்டம்?

டிஸ்க் நேர்க்கோட்டில்தான் வெட்டும். வளைவில் ஓட்டினால் இரண்டு பக்கமும் உரசி மாட்டிக்கொள்ளும். அதனால் எல்லோரும் என்ன செய்கிறோம் என்றால் குட்டிக் குட்டி நேர்க்கோடாக வெட்டி, மிச்சத்தை அரம் போட்டு ராவி வட்டமாக்குகிறோம். அந்த ராவல்தான் முழங்கையை வாங்குகிற வேலை. அதற்குப் பதிலாக எண்கோணம் வெட்டினால்?

எதிரெதிர் பக்கத்துக்கு இடையே 115 மி.மீ. இருக்கிற எண்கோணம். ஒவ்வொரு பக்கமும் 47.6 மி.மீ. 120 சதுரத்துக்குள் முழுதாக அடங்குகிறது. மூலையில் ஸ்க்ரூ ஓட்டை மையத்திலிருந்து 74 மி.மீ. தள்ளி இருக்கிறது, எண்கோணத்தின் சாய்ந்த பக்கம் 57.5இல் முடிந்துவிடுகிறது, நடுவில் தாராளமாகத் தகடு மிச்சம். அப்புறம் பரப்பு: அதே அகல வட்டத்தைவிட ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே. எட்டு நேர் வெட்டு, எட்டு மூலையில் அரத்தால் ஒரு தொடல், முடிந்தது. மேலே வலை போட்டு மூடினால் வட்டமா எண்கோணமா என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

ஜூன் 12, மதியம்

"அப்படிப் பார்த்தால் 240க்கு ஒரே நீள்சதுரமாக வெட்டிவிடலாமே, இன்னும் சுலபம்." வெட்டலாம், ஆனால் அகலம் 115 வைத்தால் ஸ்க்ரூ ஓட்டை போட வேண்டிய இடமே போய்விடும். 105இல் ஓட்டையின் விட்டம் 4.5ஐக் கழித்து, இரு பக்கமும் 3 மி.மீ. தகடு விட்டால், 94.5தான் மிஞ்சும். ஃபேனின் இரண்டு ஓரமும் தகட்டுக்கு அடியில் போய்விடும், அதோடு நடுப்பட்டையும் இல்லாததால் மேல்தகடு தொய்யும். இரண்டு எண்கோணம், நடுவில் பட்டை. என் ஓட்டு அதற்குத்தான்.

ஜூன் 12, இரவு

மறந்துபோனது. அளவு பார்க்க நல்ல ஃபேனைத் தகட்டின் மேல் வைத்துவிட்டு அங்கேயே அரம் போடாதீர்கள். ஃபேனின் நடுக் குமிழுக்குள் காந்தம் இருக்கிறது, இரும்புத் தூள் தேடிப் போய் ஒட்டும், அப்புறம் அது ஓடும்போதெல்லாம் கரகர. செத்த ஃபேன் ஒன்றை அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளை அள்ள ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றித் தடவுங்கள். பையை உள்வெளியாகத் திருப்பினால் தூள் உள்ளே விழுந்துவிடும். மதர்போர்டை உள்ளே வைத்துக்கொண்டு வெட்டலாமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: கூடாது.

ஜூன் 18

ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் (மிஷினின் சுழற்சியைத் தனிக் கைப்பிடிக்குக் கொண்டுபோகும் வளையும் தண்டு) தேவையா என்று கேட்டவருக்கு. தகடு வெட்டுகிறவர்களுக்குத்தான் அது முதலில் தேவை. மிஷினைக் கையில் பிடித்துத் தட்டையான தகட்டில் டிஸ்க்கை வைத்துப் பாருங்கள். மிஷினின் வயிறு தகட்டில் இடிக்கும். அதைத் தவிர்க்க நீங்கள் கையைத் தூக்குவீர்கள், டிஸ்க் சாயும், வெட்டு சரிவாக விழும், டிஸ்க்கின் ஒரு ஓரம் மட்டும் தேயும். 24 மி.மீ. டிஸ்க்கில் இந்தத் தொல்லை அதிகம், 38இல் கொஞ்சம் குறைவு. ஷாஃப்ட்டின் கைப்பிடி ஒல்லி, தகட்டோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும், டிஸ்க் செங்குத்தாக நிற்கும். கேபினெட்டுக்கு உள்ளே மூலையில் வெட்டவும் அதுதான் வழி. மிஷினை ஆணியில் தொங்கவிட்டு, ஷாஃப்ட்டை அகலமான வளைவாக விடுங்கள். குறுகலாக வளைத்தால் கைப்பிடி சுடும்.

நகைப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் தொங்கு மோட்டார் வாங்கலாமா என்று கோவைக்காரர் ஒருவர் கேட்கிறார், செல்வபுரம் பக்கம் பழையது மலிவாகக் கிடைக்கிறதாம். காலால் மிதித்தால் வேகம் கூடும், குறையும், அது ஒரு சுகம். பட்டறையில் ஆசாரி ஒருவர் மோதிரத்தின் உள்பக்கத்தை அதில் ராவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்த வகையில் பேர்போன ஃபோர்டம் எஸ்ஆரே 18,000 சுற்றுதான். முதல் நாள் கணக்கைப் போடுங்கள்: 24 டிஸ்க்குக்கு விளிம்பு வேகம் 23 மீட்டர்கூட இல்லை. பர் (குட்டிப் பற்கள் கொண்ட குடையும் முனை) போட்டுக் குடைய, மெருகேற்ற அருமை. தகடு அறுக்க வேண்டாம்.

ஜூன் 19

ஓட்டை போடவும் ரோட்டரி டூல் வேண்டாம். அதன் குறைந்த வேகமே மாடலைப் பொறுத்து 5,000, 10,000. இரும்பில் 4.5 மி.மீ. பிட் அந்த வேகத்தில் நுனி நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். அதோடு கோலெட்டுக்குள் 3.2க்கு மேல் தண்டு போகாது. வீட்டில் இருக்கும் சாதாரண டிரில், மெதுவாக, ஒரு சொட்டு எண்ணெய். ஹார்டு டிஸ்க் கூண்டைக் கழற்றப் பாப் ரிவெட்டை எடுப்பதும் டிரில் வேலைதான், பெரும்பாலும் 3.2 மி.மீ. ரிவெட். தலை மட்டும் கழன்றால் போதும், மிச்சத்தை ஆணியால் தட்டிவிடலாம்.

பின்பக்கத் தேன்கூட்டுக்கு மிஷினே எதற்கு? நல்ல கட்டிங் பிளையர் எடுத்து ஒவ்வொரு காலாக நறுக்குங்கள், மெல்லிய தகடாக இருந்தால் நறுக்கென்று வரும். அப்புறம் மிஷினில் கல் போட்டு முட்களை மழுக்குங்கள். சத்தமில்லை, பொறி இல்லை, பக்கத்து வீட்டு மாமாவின் மதியத் தூக்கமும் கெடாது.

ஜூலை 2

3000ஆ 4000ஆ என்பதில் மனசு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இதுவரை 3000, ஒரு ஷாஃப்ட், மிச்சக் காசுக்கு டிஸ்க் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரின் 4000ஐ வாங்கி, ஒரு மி.மீ. தகட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். 4000க்குள் சுமை ஏறினால் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, 3000இல் இல்லை. டிஸ்க் தகட்டைத் தொடும் நொடியில் 3000இன் குரல் இறங்குவது காதிலேயே கேட்கிறது. கையை இலேசாக்கினால் மறுபடி ஏறும். 4000இல் அந்த இறக்கம் இல்லை. வேகம் இறங்காததால் டிஸ்க் மாட்டிக்கொள்வதும் குறைகிறது.

அரை மி.மீ. தகட்டில் இந்த வித்தியாசத்துக்காகக் காசு கொடுக்க மாட்டேன். உங்கள் தகடு ஒரு மி.மீ. என்று அளந்து சொல்லிவிட்டதால், உங்களுக்கு 4000. கனம் கூடுதல், ஆனால் ஷாஃப்ட் போட்டால் அதைத் தூக்கப்போவது ஆணிதானே. பெயர் தெரியாத செட்டைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. கடைக்காரர் சொன்ன வாட் கணக்கு இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் ஜெயிக்கிறது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஜெயிக்க வைத்தது வாட் இல்லை, அந்தக் குட்டி சர்க்யூட்.

ஜூலை 3

"மச்சான் டெக்சாஸிலிருந்து வருகிறான், அங்கே விலை குறைவு, வாங்கி வரச் சொல்லட்டுமா?" அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட். நம்ம வீட்டு 230இல் நேராகச் சொருகினால் ஒரு நொடி பிரமாதமாகச் சுற்றும், அப்புறம் புகை. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும். அங்கே 60 ஹெர்ட்ஸ் இங்கே 50 என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், இது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார், அது பார்ப்பதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் விலையைச் சேர்த்தால் மிச்சமாவது ஒன்றுமில்லை. மச்சானிடம் டிஸ்க் வாங்கி வரச் சொல்லுங்கள். டிஸ்க்குக்கு வோல்ட் கிடையாது.

ஜூலை 16

ஜன்னல். இங்கேதான் நான் ரோட்டரி டூலைக் கீழே வைக்கச் சொல்வேன். 300க்கு 300 ஜன்னல் என்றால் 1,200 மி.மீ. வெட்டு, அதுவும் கண்ணுக்கு நேராக இருக்கிற வெட்டு. ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. தடிமன் டிஸ்க் போட்டு நான்கு நேர்க்கோடு. மூலை வரை போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, மூலையை மட்டும் ரோட்டரியில் முடியுங்கள். பெரிய டிஸ்க் மேல்பக்கம் ஓடும் நீளமும் கீழே வெட்டும் நீளமும் வேறு, மூலையைத் தாண்டினால் பெயின்ட்டில் கீறல் நிரந்தரம். கோட்டின் இரு பக்கமும் அகலமாக மாஸ்கிங் டேப்.

பொறி எங்கே போகிறது என்று பார்த்து நில்லுங்கள். கிரைண்டர் பொறி கார் கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பெயின்ட்டில் பட்டால் அடுத்த மழைக்குத் துருப்புள்ளி. அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் செய்தால் அசோசியேஷன் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும். லுங்கியோடு செய்யாதீர்கள். என் நீலக்கட்டம் போட்ட லுங்கியில் இப்போது கட்டத்தைவிட ஓட்டை அதிகம். தொளதொளவென்ற துணிக் கையுறையும் வேண்டாம், சுற்றுகிற தண்டு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

ஜூலை 17

துத்தநாகம் பூசிய தகடு என்பதால் வெட்டும்போது வரும் புகையை மூச்சில் இழுக்காதீர்கள் என்று ஒருவர் சேர்த்திருக்கிறார். சரியான பேச்சு. திறந்த இடம், முகக்கவசம்.

ஆகஸ்ட் 6

ஜன்னலுக்கு அக்ரிலிக் ஷீட்டை ரோட்டரியில் வெட்டலாமா? வெட்டுவீர்கள், திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஒட்டியிருக்கும். டிஸ்க்கின் சூட்டில் உருகி, டிஸ்க் நகர்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. 3 மி.மீ. ஷீட்டுக்கு அக்ரிலிக் கத்தி போதும்: ஸ்கேல் வைத்துப் பலமுறை கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடித்தால் நேராக வரும். போர்டு எழுதும் கடைகளில் உடைந்த ஹேக்சா பிளேடைக் கொக்கி மாதிரி ராவி வைத்திருப்பார்கள், கேட்டால் பத்து நிமிடத்தில் அவர்களே வெட்டியும் கொடுப்பார்கள்.

நவம்பர் 12

மழை வந்ததும் இந்த இழை ஞாபகம் வந்தது. மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போட்டிருப்பவர்கள் அங்கே கேபினெட் வெட்டியிருந்தால் இப்போது போய்ப் பாருங்கள். பொறி விழுந்த இடமெல்லாம் கடுகு அளவில் செம்பழுப்புப் புள்ளிகள், விசிறி போல விரிந்து, நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து வெட்டினீர்கள் என்பதுகூடத் தெரியும். வீட்டு ஓனருக்கும் தெரியும். வெட்டுவதற்கு முன் பழைய தார்ப்பாயோ ஈர கோணியோ விரித்தால் இந்தப் பேச்சே இல்லை.

அதே துரு வெட்டிய விளிம்பிலும் வரும். வெட்டிய இடத்தில் துத்தநாகம் கிடையாது, கடற்காற்று அடிக்கிற ஊரில் அது சீக்கிரம் ஆரம்பித்துவிடும். அரம், மணல்தாள், அப்புறம் ஜிங்க் ஸ்பிரே அல்லது பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். கடைசியில் யு வடிவ ரப்பர் பீடிங். பீடிங்கை முதலில் மாட்டிவிட்டால் அடியில் ஈரம் தங்கி இன்னும் மோசம்.

டிசம்பர் 3

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். 4000, ஷாஃப்ட், இரண்டு எண்கோணம். ரேடியேட்டர் உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் அரை மி.மீ. கோணல், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, தயவுசெய்து வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லாதீர்கள்.

அடுத்து முன்பக்கத்தை முழுசாகப் புதுத் தகட்டில் செய்யப் போகிறாராம், அதற்கு என்ன மிஷின் என்று கேட்கிறார். மிஷின் வேண்டாம். வரைந்து டிஎக்ஸ்எஃப் கோப்பாக்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேசர் கட்டிங் செய்கிற இடத்தில் கொடுங்கள், ஒரு பீஸ் என்றால் முகம் சுளிப்பார்கள், அவர்கள் கழிவுத் தகட்டிலேயே போட்டுத் தரச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். பவுடர் கோட்டிங்கும் அந்தப் பக்கமே முடியும். கோப்பைக் கொடுக்கும்போது "அளவு மில்லிமீட்டரில்" என்று தாளில் தனியாக எழுதிக் கொடுங்கள். டிஎக்ஸ்எஃப்பை அங்கே இன்ச்சில் திறந்துவிட்டால் உங்கள் 115 மி.மீ. ஃபேன் ஓட்டை 2.9 மீட்டர் ஆகிவிடும், போன் பண்ணி "சார், இது தண்ணி டேங்க்கா?" என்று கேட்பார்கள்.